தம்பி பிறந்ததும் மூத்த குழந்தை அடம்பிடிப்பது ஏன்?

தம்பியோ தங்கையோ பிறந்தபின் மூத்த குழந்தை காட்டும் சிணுங்கல், அடம், கிள்ளுதல் ஆகியவற்றை உடன்பிறப்புப் பொறாமை என்கிறோம். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகளிடம் இது மிகுதி. நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். அடுத்த குழந்தையின் வரவால் தாய்ப்பாலை இழந்து மெலிந்துபோகும் பிள்ளையைச் ‘சவலைப் பிள்ளை’ என்றார்கள்.

அந்த வயதில் காலம் பற்றிய உணர்வு முதிர்ந்திருக்காது என்பதால், ‘பாப்பாவுக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன்’ என்று தாய் சொல்வது, ‘இனி உன்னிடம் வரமாட்டேன்’ என்பதாகவே குழந்தைக்குப் படுகிறது. பேருந்தில் சன்னலோரம் அமர்ந்திருக்கும் உங்களை எழுப்பிவிட்டு, அங்கே வேறொருவரை அமர்த்தி, ‘எவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கிறார், பாருங்கள்’ என்று உங்களையே ரசிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? பாப்பாவைப் பார்க்க வரும் உறவினர்கள் (நல்லெண்ணத்துடன்தான்) நாள்தோறும் அதைத்தான் செய்கிறார்கள்.

எனவேதான், மூன்று வயதுப் பிள்ளை தூளிக்குள் முழங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டு ஆட்டிவிடச் சொல்கிறது. ‘நீ பெரியவன்’ என்று கண்டிப்பது, என் பார்வையில், அதன் இழப்பை உறுதிசெய்வதாகவே முடியும். கைக்குழந்தை உறங்கும்போது பத்து நிமிடம் தாய் மூத்த பிள்ளையுடன் மட்டும் விளையாடுவது அதைவிடப் பயன்தரும்.

விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்புவதைப் பலர் வேண்டுமென்றே செய்யும் குறும்பு என எண்ணுகிறார்கள். உறக்கத்தில் நிகழும் அது குழந்தையின் கட்டுப்பாட்டில் இல்லை.