கணவருக்குத் தெரியாமல் குழம்பில் மாத்திரை கலக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. முன்பெல்லாம் சாயங்காலம் ஒரு கட்டிங் அடிப்பார். இப்போது தினமும் இரண்டு குவார்ட்டர். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது என்று கொஞ்சம் ஊற்றிக்கொள்கிறார். போன கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டு ஒரேயடியாக நிறுத்தினார். இரண்டாம் நாளே வலிப்பு வந்துவிட்டது. இப்போது மறுபடியும் குடி. நான் நச்சரித்து நிறுத்த வைத்ததால்தான் வலிப்பு வந்தது என்று மாமியார் திட்டுகிறார். பக்கத்து வீட்டு அக்கா, சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடியைத் தானாக விட்டுவிடுவார் என்று ஒரு மாத்திரை வாங்கித் தந்திருக்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: கொடுக்கவே கூடாது அம்மா. ஏற்கெனவே ஒரு வேளை கொடுத்திருந்தால், அந்த அட்டையை எடுத்துக்கொண்டு இன்றே ஒரு டாக்டரைப் பாருங்கள்.

அது பெரும்பாலும் டைசல்ஃபிராம் மாத்திரையாக இருக்கும். 1940களின் இறுதியில் டென்மார்க்கில் குடிநோய் சிகிச்சைக்கு வந்த மருந்து. நாம் குடிக்கும் ஆல்கஹால் ஈரலில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறும். பிறகு ஒரு நொதி அந்த நச்சை உடைத்துவிடும். டைசல்ஃபிராம் அந்த நொதியை முடக்கிவிடுவதால் நச்சு உடம்பிலேயே தேங்கும். குடித்த சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, வாந்தி, படபடப்பு, மூச்சுத் திணறல் என்று ஒவ்வொன்றாக வரும். இரண்டு குவார்ட்டர் குடிப்பவருக்கு ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த விளைவு இருக்கும். கேஷுவால்டியில் டாக்டர் 'என்ன மருந்து சாப்பிட்டீர்கள்?' என்று கேட்டால், பாவம், அவருக்கே தெரிந்திருக்காது. வலிப்பு வந்தவர்களுக்கு இதைத் தரும்போது டாக்டர்களான நாங்களே மிகவும் யோசிப்போம். பொட்டலம் கட்டி விற்கும் 'மூலிகைப் பொடி'களும் வேண்டாம். அவற்றில் என்ன கலந்திருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரிய வழியே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அதிகமாகக் குடிப்பவர்களில் பலருக்கு மனைவி மீது சந்தேகம் வருவதுண்டு. சோற்றில் எதையோ கலக்கிறாள் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அதன் பிறகு டாக்டர் தரும் மருந்தையும் உங்கள் கையால் வாங்கமாட்டார்.

அடுத்து அந்த வலிப்பு. உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. பிராந்தி, விஸ்கி எதுவானாலும் அதில் சுமார் 42.8 சதவீதம் ஆல்கஹால். இரண்டு குவார்ட்டர் என்றால் ஏறக்குறைய 120 கிராம் சுத்த ஆல்கஹால். இவ்வளவு தினமும் உள்ளே போய் மூளையை மந்தப்படுத்தும்போது, அதை ஈடுகட்ட மூளை தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. திடீரென்று நிறுத்தினால் அந்த வேகம் மட்டும் மிஞ்சும். ஆறேழு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு. பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு நினைவு தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது, கட்டிலில் பாம்பு என்பார்கள், நாளும் இடமும் தெரியாது. இதைப் பேய் என்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிப்போய், ஆஸ்பத்திரிக்குத் தாமதமாக வந்து உயிரை விட்டவர்கள் உண்டு.

திடீரென நிறுத்தியதுதான் வலிப்புக்குக் காரணம் என்ற அளவில் உங்கள் மாமியார் சொல்வது சரி. ஆனால் குற்றம் உங்களுடையது இல்லை. மருந்தின் துணை இல்லாமல் நிறுத்தியதுதான் பிரச்சினை. விட வேண்டும் என்று தானே மாலை போட்டவர் அவர். மனம் இருந்தது, அந்த ஐந்தாறு நாளைத் தாண்ட மருந்துதான் இல்லை. அந்த விருப்பத்தைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள். போதையில் இருக்கும்போது பேச வேண்டாம். நடுக்கம் அடங்கி ஓரளவு நிதானமாக இருக்கும் நேரம் பார்த்து, 'நீங்களே விடணும்னுதானே மாலை போட்டீங்க? வலிப்பு வராம நிறுத்த மருந்து இருக்காம், வாங்க போய் கேட்டுட்டு வரலாம்' என்று சொல்லிப் பாருங்கள். அதுவரை பாட்டிலை ஒளிப்பது, அறையில் பூட்டி வைப்பது எதுவும் வேண்டாம்.

ஏற்கெனவே வலிப்பு வந்திருப்பதால் இவருக்கு வீட்டில் வைத்து நிறுத்துவது சரிவராது, அட்மிட் செய்ய வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இந்தச் சிகிச்சை கிடைக்கும். லோராசெபாம் போன்ற மருந்தைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்து நிறுத்துவார்கள். கூடவே தயமின் ஊசி போடுவார்கள், அதாவது வைட்டமின் பி1. இதை ஞாபகத்தில் வையுங்கள்: சோர்வாக இருக்கிறார் என்று பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றப்போனால், 'இவர் தினமும் குடிப்பவர்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தயமின் குறைந்த உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால் மூளை பாதிக்கப்பட்டு நிரந்தர மறதி வரைகூடப் போகலாம்.

தனியார் மறுவாழ்வு மையம் என்றால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறதா, மனநல மருத்துவர் வருகிறாரா, நீங்கள் நினைத்தபோது கணவரைப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். பார்க்க விடாத இடத்தில் சேர்க்காதீர்கள்.

நடுக்கம் நின்றதோடு சிகிச்சை முடியாது. குடிக்கும் ஏக்கம் மாதக்கணக்கில் இருக்கும். அதற்கு நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று மருந்துகள் உண்டு. ஈரல் பரிசோதனை பார்த்து, டாக்டர் ஒத்துக்கொண்டு, அவரும் தெரிந்தே சம்மதித்தால் டைசல்ஃபிராமும் கொடுக்கலாம். அப்போது தினமும் காலையில் அவர் கண்முன்னே நீங்களே எடுத்துக் கொடுக்கலாம். அந்தச் சமயத்தில் ஆல்கஹால் உள்ள இருமல் மருந்து, தசமூலாரிஷ்டம் மாதிரியான அரிஷ்டங்கள்கூட ஆகாது. நடுவில் ஒருமுறை குடித்துவிட்டால் எல்லாம் போச்சு என்று சிகிச்சையை விட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் திரும்பப் போங்கள். இந்த நோயில் அது பலருக்கும் நடப்பதுதான்.

மறுபடி வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், கையில் சாவிக்கொத்தும் வேண்டாம். உடனே 108. அவர் சிகிச்சைக்கு வர மறுத்தால், 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், நீங்கள் மட்டும் பேசலாம். இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். குடித்துவிட்டு உங்களை அடிக்கிறார் என்றால் 181 பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அவருக்குச் சிகிச்சை முடியட்டும் என்று அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.