வருந்தி அழைப்பதும் வற்புறுத்துவதும்

அன்புள்ள அக்கா,

ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலில் கூடாரம் அடித்துத் தங்கியிருந்தோம். ஒல்லாந்தருக்கு, அதாவது டச்சுக்காரருக்கு, பயந்து மாதா சிலையைக் காட்டுக்குள் கொண்டுவந்த கதையை அம்மா என் மகளுக்குச் சொன்னா. "ஒல்லாந்தரும் யேசுவைத்தானே கும்பிட்டவை?" என்று பிள்ளை கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அன்பு, பொறுமை, தாழ்மை என்று மறைக்கல்வியில் படிக்கிறோம். அதையே படித்தவர்கள் மற்றவர்களைத் துரத்தினார்கள் என்றால், அவர்கள் போலிக் கிறிஸ்தவர்களா?

ஜெ., முழங்காவில்

அன்புள்ள தம்பி,

போலிகள் என்று சொல்லிவிட்டால் எங்களுக்கு வசதிதான். ஆனால் துரத்தியவர்களில் பலர் உண்மையாகவே செபித்தவர்கள். அன்பினால்தான் செய்கிறோம் என்று நம்பியவர்கள். எனக்குப் பயம் தருவது அதுதான்.

புனித அகுஸ்தீனாரையே எடுங்கள். தொனாத்தியர் என்ற பிரிவினரைப் பேசித்தான் திருப்ப வேண்டும் என்று முதலில் சொன்னவர் அவர். பேரரசின் சட்டத்துக்குப் பயந்து தன் ஊரார் திருச்சபைக்குத் திரும்பியதைப் பார்த்ததும் மனம் மாறினார். கொல்லக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். தண்டிக்கலாம், அதுவும் அன்பே என்றார். அதற்கு அவர் காட்டிய வசனங்களில் ஒன்று லூக்கா 14 இல் வரும் விருந்து உவமை. வீடு நிறைய ஆட்களை உள்ளே கொண்டுவரும்படி எஜமான் வேலைக்காரனுக்குச் சொல்கிற இடத்தில், இலத்தீனில் 'கட்டாயப்படுத்து' என்று இருக்கிறது. பழைய தமிழ் வேதாகமத்தில் 'வருந்திக் கூட்டிக்கொண்டு வா', அதாவது கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வா. கலியாண வீட்டுக்கு ஒருவரை வருந்தி அழைத்தால் அவர் வராமலும் இருக்கலாம். வராமல் இருக்க அவருக்கு இடம் விடாத அழைப்பை அன்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை, சொன்னவர் புனிதராக இருந்தாலும்.

பயம் விசுவாசத்தை உண்டாக்குவதில்லை, நடிப்பைத்தான் உண்டாக்கும். ஒல்லாந்தர் காலத்தில் காணிக்காகவும் கலியாணப் பதிவுக்காகவும் ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டு, வீட்டில் சைவராகவே இருந்தவர்கள் ஏராளம். விரதச் சாப்பாடு சாப்பிட்ட இலையைக் கூரையில் செருகி ஒளித்த கதையைச் சைவ வீடுகளில் இன்றும் சொல்வார்கள். யாருடைய ஆத்துமா அதனால் மீட்கப்பட்டது?

கோதுமையும் களையும் உவமையை எங்கள் வயலில் வைத்துப் பாருங்கள். காலபோகத்தில், அதாவது மாரி நெற்செய்கையில், இளம் பயிருக்குள் நெல்லைப் போலவே ஒரு புல் நிற்கும். எந்தக் கமக்காரனுக்கும் கை சும்மா இராது. ஆனால் அந்த உவமையில் எஜமான், களையோடு கோதுமையையும் பிடுங்கிவிடுவீர்கள், அறுப்புவரை விடுங்கள் என்கிறார். பிடுங்குகிற உரிமையை வேலைக்காரருக்கு அவர் கொடுக்கவேயில்லை. அந்த உரிமையைத் தானாக எடுத்துக்கொண்டவனிடம் பொறுமையும் தாழ்மையும் அப்போதே போய்விட்டன. மிஞ்சுகிற அன்பை நான் நம்ப மாட்டேன்.

சரி, பிள்ளைக்கு என்ன சொல்வது? கதையை முழுதாகச் சொல்லுங்கள். 1544 இல் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் மன்னாரில் புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களைக் கொல்வித்தான். 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று கட்டளை போட்டார்கள். 1670 இல் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவோடு காட்டுக்குள் போயின. இவ்வளவும் நாங்கள் சொல்வோம். அதே மாந்தையில்தான் திருக்கேதீச்சரம் என்ற சிவன் கோயில் இருந்தது என்பதை விட்டுவிடுவோம். அதை இடித்தவர்கள் போர்த்துக்கேயர், எங்களுக்கு வேதம் கொண்டுவந்தவர்கள். மாதாவைச் சுமந்துகொண்டு எங்கள் சனம் வெளிக்கிட்ட நேரம் அந்தக் கோயில் இடிந்து கிடந்தது. 1872 இல் ஆறுமுக நாவலர் அதைத் திரும்பக் கட்டச் சொல்லிக் கேட்கும்வரை இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது.

2019 சிவராத்திரிக்கு முதல் நாள், அந்தக் கோயிலுக்குப் போகும் வழியில் கட்டிய அலங்கார வளைவை எங்கள் ஆட்கள் சிலர் பிடுங்கி எறிந்தார்கள். அந்த வீடியோவை நான் இரண்டாம் முறை பார்க்கவில்லை. ஒல்லாந்தர் கதையைச் சின்ன வயதில் கேட்டு அழுத பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள்.

உங்கள் மகளை ஒருநாள் மாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மாதா கோயிலுக்கும் போங்கள், திருக்கேதீச்சரத்துத் தீர்த்தமான பாலாவிக் கரைக்கும் போங்கள். அவள் அங்கே கேட்கப்போகும் கேள்வியை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா