பாட்டுப் பாடுற கௌபாய்

கேள்வி: எங்க தாத்தா அந்தக் காலத்துல மதுரை ரீகல் தியேட்டர்ல இங்கிலீஷ் படமா பாத்தவரு, பாட்டுப் பாடுற கௌபாய் படம்னா உசுர விடுவாரு. அவரு சொன்னாரேன்னு ஜீன் ஆட்ரி நடிச்ச ‘டம்ப்ளிங் டம்பிள்வீட்ஸ்’ பாத்தேன். அப்பனைக் கொன்னுட்டாங்க, இவரு கிட்டாரத் தூக்கிப் பாடுறாரு. இதுல அப்படி என்ன இருக்கு? (செல்லூர் வாசகர்)

பதில்: தம்பி, அந்தப் படம் 1935ல வந்தது, மொத்தமே ஒரு மணி நேரந்தான். அதுல அவரு சும்மா பாடல, அப்பாகிட்ட கோவிச்சுக்கிட்டு வீட்ட விட்டுப் போனவரு அஞ்சு வருஷம் கழிச்சு ஊர் ஊரா மருந்து விக்கிற வண்டிக் கூட்டத்தோட திரும்பி வர்றாரு, அங்க பாட்டுதான் அவரு பொழப்பு, வந்து பாத்தா அப்பா செத்துட்டாரு, பழி கூட்டாளி தலைல விழுந்திருக்கு. அந்த நேரத்துலயும் தொண்டையக் கிழிச்சுக் கத்தாம, பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி மெதுவா பாடுறாரு பாருங்க, எனக்கு அதுதான் புடிச்சது.

ஆட்ரியே நிஜத்துல ரயில்வேல தந்தி அடிச்சுக்கிட்டிருந்து, அப்புறம் ரேடியோல பாடி மேல வந்தவரு. அமெரிக்காவுல வேலையில்லாம, வெள்ளாமை இல்லாம சனங்க தவிச்ச காலம் அது. சின்ன ஊர் தியேட்டர்ல உக்காந்து பாத்தவங்களுக்கு ரேடியோல கேட்ட அதே குரல் குதிரை மேல வந்தா எப்படி இருந்திருக்கும்! நம்ம பக்கம் திருவிழாவுல விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் பாக்குறோமே, வேலன் வள்ளியக் கட்டப்போறது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் ரெண்டு பேரும் பாட்டாலயே வாதாடுறதக் கேக்கத்தான சாக்க விரிச்சு உக்காருறோம், கதை தெரிஞ்சா என்ன. இந்தப் படங்களையும் அப்படித்தான் பாக்கணும், யாரு வில்லன்னு பத்தாவது நிமிஷமே தெரிஞ்சிடும், அதுக்காக அவசரப்பட்டு பாட்ட ஓட்டி விட்டுட்டீங்கன்னா படமே போச்சு.

சண்டைக் காட்சிகள் எனக்கும் பெருசா ஒட்டல, அத விடுங்க.

அடுத்து ராய் ரோஜர்ஸ் நடிச்ச ‘அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்’ பாருங்க, 1938ல வந்தது. வறட்சில காஞ்சு கெடக்குற ஊருக்குத் தண்ணி கேட்டு ஒரு கௌபாய் எலெக்சன்ல நின்னு ஜெயிச்சு வாஷிங்டனுக்கே போறான், புழுதியப் பத்தி அதுல ஒரு பாட்டு வரும். மேலூர்ப் பக்கம் கடைமடைக்குத் தண்ணி வருமான்னு வாய்க்காலையே பாத்துக்கிட்டு நின்ன சொந்தக்காரங்க உங்களுக்கு இருந்தா, அவங்களையும் தாத்தா பக்கத்துல உக்கார வச்சுப் போடுங்க.