தூக்கினாலே கத்தும் கினிப்பன்றி

கேள்வி: எங்கள் கினிப்பன்றி வந்து ஒரு மாதம் ஆகிறது. கூண்டுக்குள் கை போனாலே ஓடிப் பதுங்குகிறது. தூக்கினால் கீச்சிட்டுத் திமிறுகிறது. “தினமும் பிடித்துக் கையிலேயே வைத்திருங்கள், பயம் தெளிந்துவிடும்” என்றார் விற்றவர். அப்படிச் செய்ததில், இப்போது கையிலிருந்து தழைகூட வாங்குவதில்லை. என்ன செய்வது?

பதில்: விற்றவர் சொன்னதை இன்றோடு நிறுத்துங்கள். கினிப்பன்றி மற்ற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி. மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்து மாதிரி. பிடியில் அசையாமல் இருந்தால் பழகிவிட்டதென்று நினைக்காதீர்கள், பயத்தில் உறைந்திருக்கிறது. மல்லாக்கப் போட்டு, “எவ்வளவு சாது பாருங்கள்” என்று காட்டி விற்கிறார்களே, அதுவும் இதே பயம்தான். விற்பவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்பாரே இல்லை. விற்பனை முடிந்தால் அவர் பொறுப்பும் முடிந்தது.

ஒரு வாரம் தூக்கவே வேண்டாம். கூண்டருகே தரையில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுங்கள். கொத்தமல்லித் தழையையோ குடைமிளகாய்த் துண்டையோ பக்கவாட்டில், அதன் கண் மட்டத்தில் நீட்டுங்கள். வாங்க வந்ததும் ‘லபக்’கென்று பிடித்துவிடாதீர்கள். ஒருமுறை அப்படி ஏமாந்தால் அது மறுபடி கிட்டே வர நாளாகும். தயங்காமல் வாங்கத் தொடங்கியபின் கன்னத்தையும் தோளையும் வருடலாம். பற்களை நறநறவென்று கடித்தால் கையை எடுத்துவிடுங்கள்.

தூக்கும் நாள் வரும்போது துரத்திப் பிடிக்காதீர்கள். ஒரு துணிப்பைக்குள் அதுவாக நுழையட்டும்; பையோடு மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் கையால் என்றால் ஒரு கை நெஞ்சுக்கடியில், மறு கை பின்புறத்துக்கடியில், உடல் உங்கள் மார்போடு ஒட்டியிருக்க வேண்டும். குழந்தைகள் தரையில் உட்கார்ந்துதான் வைத்திருக்க வேண்டும். விழுந்தால் பல்லோ முதுகெலும்போ உடையும். கூண்டில் விடும்போது தாவப் பார்க்கும். கால்கள் தரையைத் தொடும்வரை விடாதீர்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இது பயமா, வலியா? வலியென்றால் எந்தப் பழக்கமும் உதவாது. நம்மைப் போலவே கினிப்பன்றியின் உடலாலும் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. கிலோ எடைக்குத் தினமும் 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். குறைந்தால் மூட்டு வீங்கும், தொட்டாலே கத்தும். தேதி இல்லாமல் சில்லறையாக அளந்து தரும் பெல்லட்டை (சிறு உருளைகளாக அழுத்திய உலர் தீவனம்) வாங்காதீர்கள், நாள்பட்டதில் அந்தச் சத்து அழிந்திருக்கும். தண்ணீரில் கலக்கும் சொட்டு மருந்தும் வீண்; சத்து சீக்கிரம் கெடும், சுவை மாறினால் தண்ணீர் குடிப்பதும் குறையும். தோல் உண்ணி, சிறுநீர்ப்பைக் கல் இருந்தாலும் இதே கீச்சிடல்தான். ஆகவே தூக்காதபோது கவனியுங்கள். நொண்டுகிறதா, ஓயாமல் சொறிகிறதா, சிறுநீர் கழிக்கும்போது கத்துகிறதா? வாரம் ஒருமுறை எடை பாருங்கள். சாப்பாட்டை நிறுத்திவிட்டால் மறுநாள்வரை பொறுக்காதீர்கள்.

எல்லா மருத்துவமனையும் இதற்கு உதவாது. நாயும் பூனையும் மட்டுமே பார்த்துப் பழகிய இடங்கள்தான் அதிகம். சின்னப் பிராணி என்றால் பயிற்சியிலும் அலட்சியம். கினிப்பன்றிக்குச் சிகிச்சை தந்த அனுபவம் உண்டா என்று முதலில் கேளுங்கள். வாய்வழி அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை எழுதித் தந்தால் கொடுக்காமல் வேறு மருத்துவரைப் பாருங்கள். அது குடலில் உள்ள நல்ல நுண்ணுயிரிகளைக் கெடுத்து உயிரையே எடுத்துவிடும்.

அது தனியாக இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கூட்டமாக வாழும் பிராணி, துணை இல்லாவிட்டால் பயம் கூடும். சுவிட்சர்லாந்தில் ஒற்றையாக வளர்ப்பதைச் சட்டமே தடுக்கிறது. ஆனால் “ரெண்டும் பெண்தான்” என்ற வாய்வார்த்தையை நம்பி வாங்காதீர்கள், மருத்துவரிடம் காட்டி உறுதி செய்யுங்கள். ஆண் குட்டி 3 வார வயதிலேயே சினைப்படுத்தும். உங்களுடையது பெண்ணாக இருந்தால், விற்கும்போதே சினையாக இருந்திருக்கலாம். சினைக்காலம் 59 முதல் 72 நாள். வயிறு இருபக்கமும் உப்பிக்கொண்டு வந்தால், குட்டி போடும்வரை தூக்கும் பயிற்சியைத் தள்ளிப்போட்டு, தழையை மட்டும் நீட்டுங்கள்.