காரணமே தெரியாமல் முடி கொட்டுகிறதா? மூன்று மாதம் பின்னால் போய்ப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் டாக்டர். ஊர் பென்னாகரம் பக்கம், வயது 24. போலீஸ் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். காலையில் கிரவுண்டில் ஓட்டம், சாயங்காலம் ஜிம். 1500 மீட்டர் ஓட்டத்தில் நேரம் குறைய வேண்டும் என்று உடம்பைக் குறைத்தேன். 79 கிலோ இருந்தவன் இப்போது 68. நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் மூன்று நான்கு மாதமாகத் தலை முழுக்க முடி கொட்டுகிறது. ஓரிடத்தில் சொட்டை என்று இல்லை, எல்லாப் பக்கமும் மெலிந்துவிட்டது. வெயிலில் நின்றால் மண்டை தெரிகிறது. அப்பாவுக்கு இன்னும் அடர்த்தியான முடி. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை எல்லாம் நார்மல். போர் தண்ணீரை விட்டுவிட்டுக் கேன் தண்ணீரில் தலைக்குக் குளிக்கிறேன். முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையும் போடுகிறேன். நிற்கவில்லை. காரணமே இல்லாமல் ஏன் இப்படி?

பதில்: தம்பி, நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு வரியில்தான் என் கண் நின்றது. 79 கிலோ 68 ஆனது என்கிறீர்களே, அதுதான். நேரில் பார்க்காமல் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தலை முழுக்க ஒரே மாதிரி மெலிகிற ஓர் இளைஞர் என் முன்னால் வந்து உட்கார்ந்தால், எண்ணெயைப் பற்றியோ ஷாம்பூவைப் பற்றியோ நான் முதலில் கேட்பதில்லை. முடி கொட்டத் தொடங்கியதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் உடம்புக்கு என்ன நடந்தது என்றுதான் கேட்பேன்.

ஏன் என்று சொல்கிறேன். நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொரு முடியும் இரண்டு முதல் ஏழு ஆண்டு வரை வளரும். அப்புறம் இரண்டு மூன்று வாரத்தில் வளர்ச்சி அடங்கும். பிறகு சுமார் மூன்று மாதம் வளராமல் அப்படியே இருந்துவிட்டு உதிரும். அதே குழியிலிருந்து புது முடி கிளம்பும். ஓசூர் பாக்டரிகளில் ஆளுக்கொரு நாள் வார லீவு கொடுப்பது போல, முடிகளும் முறை வைத்துத்தான் ஓய்வுக்குப் போகின்றன. அதனால்தான் தினமும் 50 முதல் 100 முடி வரை உதிர்ந்தாலும் தலையில் வித்தியாசம் தெரிவதில்லை. உடம்பு பலமாக அடிவாங்கினால் இந்த முறை குலைந்துபோய், ஏராளமான முடிகள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அவை உதிர்வதற்குள் இரண்டு மூன்று மாதம் ஓடியிருக்கும். இதற்கு டெலோஜென் எஃப்ளூவியம் என்று பெயர்.

இந்த இடைவெளிதான் ஆளைக் குழப்புகிறது. முடி இன்று கொட்டுகிறது என்றால் நேற்று மாற்றிய சோப்பையும், போன வாரம் வாங்கிய ஹெல்மெட்டையும் சந்தேகப்படுகிறோம். உண்மையான காரணமோ எப்போதோ வந்து போயிருக்கும். டைபாய்டு, டெங்கு, கொரோனா போன்ற கடும் காய்ச்சல், ஆபரேஷன், விபத்து, வீட்டில் ஒரு சாவு, சில மருந்துகள், அப்புறம் சட்டென்று எடையைக் குறைப்பது, எல்லாமே இந்த வேலையைச் செய்யக்கூடியவை. போன் கேலரியைத் திறந்து, முடி கொட்டத் தொடங்கிய மாதத்திலிருந்து பின்னோக்கி மூன்று நான்கு மாதப் படங்களைத் தள்ளிப் பாருங்கள். ஜிபேயில் மருந்துக்கடைக்குப் பணம் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். மறந்துபோன காய்ச்சல்கூட அதில் அகப்படும்.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது சாப்பாட்டை. காலையில் ஓட்டம், மாலையில் எடை தூக்குவது என்று இரண்டு வேளை உழைக்கிற 24 வயது உடம்புக்கு ஒரு நாளைக்கு 2,500 கலோரிக்குக் குறையாமல் வேண்டும். உடம்பைக் குறைக்கிறேன் என்று நம் பக்கத்துப் பையன்கள் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துவது, சோற்றைப் பாதியாக்குவது, ஒரு வேளையைக் கஞ்சியோடு முடித்துக்கொள்வது. வருகிற சக்தி குறைவு, செலவாகிற சக்தி அதிகம். அப்போது உடம்பு இதயத்துக்கும் மூளைக்கும் தசைக்கும் முதலில் கொடுக்கும். முடி இல்லாமலும் உயிர் வாழலாம் என்பதால் அதற்குக் கடைசியில்தான் கொடுக்கும். நீங்கள் 'நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று உணர்வதும், முடி கொட்டுவதும் ஒரே நேரத்தில் நடக்கலாம். ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

கேழ்வரகுக் களி நல்ல சாப்பாடு. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 100 கிராம் கேழ்வரகில் புரதம் சுமார் 7 கிராம்தான். களியும் கீரைக் கடைசலும் மட்டும் சாப்பிட்டு ஜிம்முக்குப் போனால் கணக்கு இடிக்கும். உடற்பயிற்சி செய்கிறவருக்கு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் தேவை. 68 கிலோ உள்ள உங்களுக்கு நாளொன்றுக்கு 80 முதல் 110 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம் கிடைக்கும். களிக்குக் கோழிக் குழம்போ, மொச்சை, அவரை, கொள்ளு போட்ட குழம்போ சேருங்கள். பால், தயிர் தினமும் இருக்கட்டும். ராத்திரிச் சாப்பாட்டை இன்றே திரும்பக் கொண்டுவாருங்கள். எடை இன்னும் குறைய வேண்டுமென்றால் வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் இறங்கக் கூடாது. முடி நிலைக்கு வரும்வரை அதையும் நிறுத்திவைப்பதே நல்லது. பச்சை முட்டையைக் குடிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். வேகாத வெள்ளைக்கருவில் இருக்கும் அவிடின் என்ற புரதம், பயோட்டினைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. வேகவைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது, 'எல்லாம் நார்மல்' என்ற அந்த ரிப்போர்ட். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடம்பின் இரும்புச் சேமிப்பு தீர்ந்துபோயிருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற வேறு பரிசோதனை; நீங்கள் சொன்ன பட்டியலில் அது இல்லை. நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கு வியர்வையிலும், குடலில் ஏற்படும் சிறு ரத்தக் கசிவிலும், பாதம் தரையில் மோத மோதச் சிவப்பணுக்கள் உடைவதிலும் இரும்பு வெளியேறிக்கொண்டே இருக்கும். ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தால் சேமிப்பு குறைவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோ சளியோ இருக்கும்போது இந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டாம், அப்போது எண் பொய்யாக ஏறிக் காட்டும். ஆணுக்கு இரும்பு குறைந்தால் மாத்திரை போட்டதோடு விஷயம் முடியாது. அது எங்கே போகிறது என்று தேட வேண்டும்: மூலம், வயிற்றுப்புண், உடம்பு வலிக்காக அடிக்கடி போடும் வலி மாத்திரை, வெறுங்காலில் மண்ணில் நடப்பதால் ஏறும் கொக்கிப்புழு. பரிசோதிக்காமல் நீங்களாக இரும்பு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கத்தை மாற்றி ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தால் கீரையிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்பு நன்றாகச் சேரும்.

தைராய்டு ரிப்போர்ட்டையும் நான் அப்படியே நம்பமாட்டேன். நீங்கள் போடும் பயோட்டின் மாத்திரை பல லேப்களின் தைராய்டு பரிசோதனையில் குறுக்கிட்டு எண்ணை மாற்றிக் காட்டக்கூடியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. மாத்திரையை நிறுத்தி மூன்று நாள் கழித்து டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு பரிசோதனையை மறுபடி பாருங்கள்; ஃபெரிட்டின், வைட்டமின் டி, பி12 மூன்றையும் கூடவே பார்த்துவிடலாம். அதன்பின் பயோட்டினைத் தொடர வேண்டிய அவசியம் இல்லை. சாதாரணமாகச் சாப்பிடுகிறவருக்குப் பயோட்டின் பற்றாக்குறை வருவது அரிது. வைட்டமின் ஏ, செலினியம் கலந்த முடி மாத்திரைகளில் இன்னும் கவனம் வேண்டும்; இவை அளவு மீறினால் இவையே முடியைக் கொட்டவைக்கும்.

ஒன்றைக் கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். ஜிம்மில் யாராவது பெயரில்லாத பவுடரோ ஊசியோ கொடுத்தார்களா? ஸ்டீராய்டு ஊசி பரம்பரை வழுக்கையை வேகமாக்கும். உள்ளே வேறு பல கேடும் செய்யும். பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிட்டிருந்தாலும் முடி உதிரலாம். இரண்டில் எது இருந்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

இப்போது நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை. தலைக்குக் குளித்ததும் கையோடு வருகிற முடியை எடுத்து, வெள்ளைத் துணியில் வேண்டாம், கறுப்பு டி-ஷர்ட்டின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக வெள்ளை முடிச்சு தெரிகிறதா? அதைப் பார்த்துத்தான் 'ஐயோ, வேரோடு வந்துவிட்டது' என்று பலரும் கலங்குகிறார்கள். அது வேர் இல்லை. ஓய்வு முடிந்து உதிர்ந்த முடியின் அடி முனை. வேர் தலைத்தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது, அங்கிருந்து திரும்ப முளைக்கும். வெள்ளை முடிச்சே இல்லாமல் துண்டு துண்டாக வந்தால், முடி நடுவில் உடைகிறது என்று பொருள்.

தண்ணீர் விஷயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்றால் சோப்பு நுரைக்காது, முடி சொரசொரப்பாகும், சிலருக்கு உடையும். ஆனால் அது வேரிலிருந்து முடியைக் கழற்றுவதில்லை. நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் உள்ள ஃபுளோரைடு உண்மையான பிரச்சினைதான். அதற்காகத்தான் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஃபுளோரைடு கெடுப்பது பல்லையும் எலும்பையும், அதுவும் குடிக்கும்போது. குளிக்க கேன் தண்ணீர் வாங்கும் காசுக்கு முட்டை வாங்குங்கள். குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

ஆனாலும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு நேர்மையாக இருந்ததாகாது. அப்பாவுக்கு முடி இருக்கிறது என்பதால் பரம்பரை வழுக்கை வராது என்று இல்லை. அம்மா வழியிலும் வரும். தாய்மாமன் தலையையும் பாருங்கள். சில ஆண்களுக்கு அது நெற்றி ஏறாமல், உச்சி முழுக்கப் பரவலாக மெலிந்து தொடங்கும். டெலோஜென் எஃப்ளூவியம் வந்து, ஏற்கனவே மெல்ல நடந்துகொண்டிருந்த வழுக்கையை வெளியே காட்டிக்கொடுப்பதும் உண்டு. வித்தியாசம் இதுதான்: பரம்பரை வழுக்கையில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டாது, ஒவ்வொரு முடியும் இழை சன்னமாகிக்கொண்டே போகும். பின்தலையில் கெட்டியாகவும் உச்சியில் சன்னமாகவும் இருந்தால் சந்தேகம் அந்தப் பக்கம் போகும். தோல் டாக்டர் டெர்மாஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியை வைத்து உச்சியையும் பின்தலையையும் ஒப்பிட்டால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

வெறும் டெலோஜென் எஃப்ளூவியம் என்றால், காரணத்தைச் சரிசெய்த பிறகு மூன்று முதல் ஆறு மாதத்தில் உதிர்வது அடங்கும். அடர்த்தி கண்ணுக்குத் தெரிய இன்னும் அதிக காலம் பிடிக்கும், ஏனென்றால் முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். நெற்றி ஓரத்தில் குட்டி முடிகள் குத்திட்டு நின்றால் நல்ல அறிகுறி. மினாக்சிடில் என்ற முடி வளர்ச்சி மருந்தை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். பரம்பரை வழுக்கை என்று உறுதியானால் அது உதவும். ஆனால் முதல் சில வாரங்களில் கொட்டுவது கூடும், பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும், நிறுத்தினால் கிடைத்ததும் போகும். வழுக்கைக்குத் தரும் ஃபினாஸ்டெரைடு மாத்திரையை டாக்டர் எழுதித் தராமல் தொடவே வேண்டாம். சிலருக்குத் தாம்பத்திய ஆர்வம் குறைவது, மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகள் வரும். மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளரும் என்பார்கள். வேர் எண்ணிக்கை மாறாது. வெட்டிய முனை தடிப்பாகத் தெரிவதால் அப்படித் தோன்றும். வேண்டுதல் இருந்தால் தீர்த்தமலைக்குப் போய் அடித்துக்கொள்ளுங்கள், முடிக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை.

எல்லாம் பார்த்தும் காரணம் அகப்படாமல் போவதும் நடக்கும். சிலருக்கு இது ஆறு மாதத்தைத் தாண்டியும் நீடிக்கும். அதற்காகத் தலை முழுசாக வழுக்கையாகிவிடாது. டெலோஜென் எஃப்ளூவியத்தில் அப்படி நடப்பதில்லை. தினமும் தலையணையில் முடியை எண்ணுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். எண்ண எண்ணப் பயம்தான் வளரும். அதற்குப் பதில் மாதத்துக்கு ஒருமுறை, அதே இடம், அதே வெளிச்சம், காய்ந்த தலை, உச்சியிலிருந்து ஒரே ஒரு போட்டோ. சலூனில் கொஞ்சம் குட்டையாக வெட்டிக்கொண்டால் மெலிவு அவ்வளவாகத் தெரியாது. ஓட்டத்தை நிறுத்தாதீர்கள், தூக்கத்தைக் குறைக்காதீர்கள். மண்டை தெரியுமே என்று கிரவுண்டுக்கே போகாமல் இருக்கத் தோன்றினால், ராத்திரி அதே நினைப்பாகத் தூக்கம் கெட்டால், அதுவும் பார்க்க வேண்டிய நோய்தான். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குக் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

வட்டமாகச் சொட்டை விழுந்தால், தலைத்தோல் சிவந்து எரிந்தால், செதிலோ சீழோ வந்தால், புருவ முடியும் சேர்ந்து கொட்டினால், முயற்சி செய்யாமலே எடை குறைந்தால் காத்திருக்காமல் போங்கள். அவசரம் எதுவும் இல்லையென்றாலும் இந்த மாதத்துக்குள் ஒரு நாள் காலையில் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போய்விட்டு வாருங்கள். பழைய ரிப்போர்ட், இதுவரை போட்ட மாத்திரை, பவுடர்களின் அட்டை, டப்பா, ஆறு மாதம் முன்பு எடுத்த ஒரு போட்டோ, இவற்றை எடுத்துச் செல்லுங்கள். தலையில் எண்ணெய் வைக்காமல், ஜெல் தடவாமல் போங்கள். எண்ணெய்த் தலையில் டெர்மாஸ்கோப் சரியாகத் தெரியாது.