நூலகம் கணினி வாங்கி வைப்பதோடு சரியா, கற்றும் தருகிறதா?

கேள்வி: நூலகங்களில் கணினி, ஸ்கேனர், மின்னூல் என்று புதிது புதிதாக வருகின்றன. அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று மக்களுக்குச் சொல்லித் தருகிறார்களா, இல்லை வாங்கி வைப்பதோடு சரியா?

இரண்டும் நடக்கிறது. எது எங்கே நடக்கும் என்பது, அந்தக் கணினிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார ஓர் ஆள் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மூலையை வைத்துச் சொல்கிறேன். எங்கள் மாவட்ட மைய நூலகத்தில் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான பிரிவில் சில வருடங்களாகத் தன்னார்வலராக இருக்கிறேன். கண் தெரிந்தவர்களுக்குக் கணினி ஓடாவிட்டால் அலமாரியில் புத்தகம் இருக்கிறது. இங்கே வருகிறவர்களுக்குக் கணினி ஓடாவிட்டால் அன்றைய படிப்பே போச்சு. அதனால் ஒரு நூலகம் தொழில்நுட்பத்தை உண்மையில் ஏற்றுக்கொண்டதா என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறந்தபோது பிரெய்ல் பிரிவைத் தரைத்தளத்திலேயே வைத்தார்கள். 2023இல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் மாற்றுத்திறனாளிகள் பிரிவு தரைத்தளத்தில்தான். படியேறித் தேடிப் போக வேண்டாம், வாசலிலிருந்து நேராக வந்துவிடலாம் என்பதே பெரிய விஷயம். பிரெய்ல் புத்தகங்கள் அவசியம்தான், எழுத்துக்கூட்டல் விரலில் பதிய வேறு வழியில்லை. ஆனால் நாம் கையில் வைத்துப் படிக்கும் ஒரு நாவல் பிரெய்லில் மூன்று நான்கு தடித்த தொகுதிகளாகிவிடும். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை அத்தனையையும் சுமந்துகொண்டு விடுதிக்குப் போக முடியாது. அங்கேதான் கணினி வருகிறது.

நாங்கள் கற்றுத் தருவது என்விடிஏ என்ற திரைவாசிப்பான். திரையில் இருப்பதைக் குரலாகப் படித்துக் காட்டும் மென்பொருள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006இல் இதைத் தொடங்கினார், பிறகு ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். அந்தக் காலத்தில் திரைவாசிப்பான் என்றால் பெரிய விலை. இவர்கள் இலவசமாகவே கொடுத்தார்கள், இன்றும் இலவசம்தான். ஒரு சின்ன ஊர் நூலகம்கூட இந்த வேலையைத் தொடங்க முடிகிறது என்றால் அதற்கு இந்த இருவர்தான் காரணம் என்று நான் எப்போதும் சொல்வேன்.

முதல் வகுப்பில் எந்தப் புத்தகத்தையும் திறக்க மாட்டோம். இன்சர்ட் விசையோடு எண் 1ஐ அழுத்தினால், எந்த விசையைத் தொட்டாலும் அதன் பெயரை மட்டும் சொல்லும் நிலைக்கு என்விடிஏ போய்விடும். எதுவும் அழியாது, எதுவும் கெட்டுப்போகாது. எஃப், ஜே விசைகளில் சின்ன மேடு இருக்கும், அங்கே இரண்டு ஆள்காட்டி விரலையும் வைக்கச் சொல்லி, மற்றதை அவர்களே தேடட்டும் என்று விட்டுவிடுவோம். ஒரு கல்லூரி மாணவி முதல் நாள் ஒரு மணி நேரம் இதையே செய்துகொண்டிருந்தாள். "அக்கா, இது திட்டாம சொல்லித் தருதுக்கா" என்றாள். அடுத்த வாரம் வந்து நேராகக் கோப்பைத் திறந்து படிக்க ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் வேகம். புதிதாக வருகிறவர்கள் குரலை மெதுவாக வைத்துக் கேட்பார்கள். பழகியவர்கள் வைக்கும் வேகத்தில் நமக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது, அவர்களோ அதில் ஒரு பாடத்தை முடித்து அடுத்ததற்குப் போயிருப்பார்கள்.

மென்பொருளைப் பழகுவது சீக்கிரம் முடிந்துவிடுகிறது. நிஜமான தலைவலி தமிழ்ப் புத்தகங்களில்தான் தொடங்குகிறது.

மின்னூலகங்களில் தமிழ் நூல்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன, அது நம் காலத்தின் பெரிய கொடை. ஆனால் பழைய நூல்களில் பெரும்பாலானவை பக்கங்களைப் படம் எடுத்துக் கோத்த பிடிஎஃப். கண் உள்ளவர்களுக்கு அது புத்தகம், திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம். திறந்தால் ஒன்றும் படிக்காமல் அமைதியாக இருக்கும். இன்னொரு வகை, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் பரவுவதற்கு முன்னால் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை. திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். பாமினியில் அடித்த "தமிழ்" என்ற சொல்லைத் திரைவாசிப்பான் "ஜே கே பி ஓ அரைப்புள்ளி" என்றுதான் படிக்கும். ஒரு பக்கம் முழுக்க இப்படிக் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் அச்சகங்களிலும் பதிப்பகங்களிலும் பழைய எழுத்துருக் கோப்புகள் இன்னும் புழங்குகின்றன. அவற்றை மாற்ற மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்தக் கோப்பு எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து மாற்றுவதை நூலக ஊழியர் ஒருவர் அரை நாளில் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொண்ட பிறகு அவர் ஒருவர் மாற்றித் தரும் புத்தகங்கள் எத்தனை பேருக்கு உதவும் என்று யோசியுங்கள். தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் மின்னூலாக்கித் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் யூனிகோடில் எழுத்தாகவே கிடைப்பதால் எங்கள் வாசகர்கள் சங்க இலக்கியத்தையும் பாரதியையும் தடையில்லாமல் படிக்கிறார்கள். படமாக எடுப்பதோடு நிறுத்தாமல் எழுத்தாக்கினால் என்ன கிடைக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

படமாக இருக்கும் பக்கங்களை எழுத்தாக மாற்ற ஓசிஆர் இருக்கிறது. தமிழுக்கு இப்போது நன்றாகவே வேலை செய்கிறது. கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தாலே எழுத்தாகிவிடும். ஆனால் வருவதை அப்படியே கொடுத்துவிட முடியாது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான புத்தகமென்றால் பழைய லை, னை, ணா, றா எல்லாம் வரும். அங்கெல்லாம் ஓசிஆர் தடுமாறும். பக்க எண்ணும் அடிக்குறிப்பும் பத்திக்கு நடுவே வந்து உட்கார்ந்துகொள்ளும். இவற்றைக்கூடச் சமாளித்துவிடலாம். போட்டித் தேர்வுப் புத்தகங்களில் வரும் "பொருத்துக" பகுதிதான் எங்களைப் பாடாய்ப் படுத்துவது. இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் நான்கு, கீழே அ, ஆ, இ, ஈ என்று விடைக் குறியீடுகள். ஓசிஆர் இதை ஒரே வரிசையாக ஓடவிட்டுவிடும். கேட்பவருக்கு எது எந்தப் பத்தி என்றே தெரியாது. நாங்கள் ஒவ்வொன்றையும் பிரித்து, "முதல் பத்தி, ஒன்று" என்று வரிசையாக எழுதி, விடைகளைத் தனியாகத் தருகிறோம். ஒரு பக்கத்துக்கு நேரம் பிடிக்கும் வேலை. ஆனால் மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.

தலைப்புகளைக் குறித்து வைப்பதும் இதே போன்ற வேலைதான். வேர்டில் எழுத்தைத் தடிமனாக்கினால் நம் கண்ணுக்கு அது தலைப்பு. திரைவாசிப்பானுக்கு அது தலைப்பு என்று தெரிய வேண்டுமானால், தலைப்புப் பாணியைத் தேர்ந்தெடுத்துக் குறித்திருக்க வேண்டும். அப்படிக் குறித்துவிட்டால் வாசகர் எச் விசையை அழுத்தி அழுத்தி அத்தியாயம் அத்தியாயமாகத் தாவலாம். குறிக்காவிட்டால் முந்நூறாவது பக்கத்துக்குப் போக முதல் பக்கத்திலிருந்து ஊர்ந்துதான் வர வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் சில வருடங்களாக க்யூஆர் குறியீடு அச்சிடுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அது பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று விரலால் தேட முடியாது. அதனால் அந்த இணைப்புகளையும் தனியாக எடுத்துக் கோப்பிலேயே சேர்த்துக் கொடுக்கிறோம்.

"இப்படி நகல் எடுப்பது பதிப்புரிமைக் குற்றம் இல்லையா?" என்று நூலகர்களே பயந்து கேட்பதுண்டு. இல்லை. 2012இல் நம் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவத்துக்கு நூலை மாற்றுவதற்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். லாப நோக்கமில்லாமல், அவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும்படி செய்ய வேண்டும், அதுதான் நிபந்தனை. நாடு விட்டு நாடு இந்த நூல்களைப் பகிர்ந்துகொள்ள வழி செய்யும் மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்றுறுதி செய்த நாடும் இந்தியாதான். 2016இல் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் வந்தது. ஓர் ஊரில் ஒருமுறை மாற்றிய புத்தகத்தை இன்னொரு ஊரில் மறுபடி மாற்ற வேண்டியதில்லை. இதையெல்லாம் வாசகர்களுக்குச் சொல்லி, உறுப்பினராகப் பதிவு செய்துகொடுப்பதும் கற்பித்தலில் சேர்த்தி என்றே நினைக்கிறேன். இருப்பது தெரியாமலே படிப்பை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன், மனது கேட்கவில்லை.

படிக்கத் தெரிந்த பிறகு எழுத வேண்டும். நாங்கள் தமிழ் 99 விசைப்பலகையைச் சொல்லித் தருகிறோம். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். இரண்டு முறை "க" அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக வந்துவிடும். விசையைப் பார்க்காமல் அடிக்கிறவர்களுக்கு இந்த ஒழுங்கு பெரிய உதவி. இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் தேர்வு. சொல்வதை எழுதுபவர் ஒருவரை வைத்துத்தான் பெரும்பாலும் தேர்வு எழுதுகிறார்கள். அவர் கிடைப்பாரா, கிடைத்தால் ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதுவாரா என்பதே ஒரு பரீட்சை. 2013இலேயே மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறை, கணினியில் எழுதவும் மாணவர் கேட்கலாம் என்று சொல்லிவிட்டது. தட்டச்சு கைவந்தால்தான் அந்த உரிமையை வாய்விட்டுக் கேட்கும் தைரியம் வரும்.

இப்போது செல்பேசியிலேயே பாதி வேலை முடிகிறது. ஆண்ட்ராய்டில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் இருக்கிறது, தமிழ்க் குரல் இருக்கிறது. படத்தைப் பார்த்து விவரம் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டன. அவற்றையும் கற்றுத் தருகிறோம், சந்தேகப்படவும் சேர்த்தே கற்றுத் தருகிறோம். பேருந்தின் பெயர்ப்பலகை, சட்டையின் நிறம் என்றால் பரவாயில்லை. மருந்துச் சீட்டை அது படித்துச் சொன்னால், தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளாமல் மாத்திரை போடக் கூடாது. தெரியாததையும் அது தெரிந்த மாதிரியே சொல்லும், அதுதான் ஆபத்து.

ஊழியர்களுக்கான பயிற்சி பற்றி ஒரு வார்த்தை. என்விடிஏயில் திரைச்சீலை போட்ட மாதிரி திரையை முழுக்கக் கறுப்பாக்கும் வசதி ஒன்று உண்டு. புதிதாகப் பணிக்கு வருகிற பார்வையுள்ள ஊழியரை அதை இயக்கிவிட்டு, நூலகப் பட்டியலில் ஒரு புத்தகத்தைத் தேடி எடுக்கச் சொல்வோம். பெயரில்லாத பொத்தான்களில் அவர் மாட்டிக்கொள்ளும்போது, வாசகர் தினமும் படும் பாடு என்ன என்பது எந்த விளக்கமும் இல்லாமல் புரிந்துவிடும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இலேயே நூலக அறிவியலின் ஐந்து விதிகளை எழுதிவிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது அதில் இரண்டாவது. பட்டியலில் நூல் இருந்தும் வாசகரால் அதை எடுக்க முடியவில்லையென்றால் அந்த விதி அங்கே நிறைவேறவில்லை என்றுதான் அர்த்தம்.

குறைகள் நிறைய உண்டு. கற்றுக்கொண்ட ஊழியர் மாறுதலில் போனால் வகுப்பு நின்றுவிடுகிறது. இதற்கு நாங்கள் கண்ட வழி, படித்து முடித்த வாசகர்களையே ஆசிரியர்களாக்குவது. நான் மேலே சொன்ன மாணவி இப்போது புதியவர்களுக்குச் சொல்லித் தருகிறாள். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருகிறாள், ஏனென்றால் நான் திரையைப் பார்த்துச் சொல்வேன், அவள் காதால் கேட்டுச் சொல்வாள்.

உங்கள் ஊரில் நிலைமை எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், நூலகத்தில் உள்ள ஒரு தமிழ் பிடிஎஃப்பைத் திறந்து ஒரு வரியை நகலெடுத்து வேறு கோப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் அது எல்லோரும் படிக்கக்கூடிய புத்தகம். ஆங்கில எழுத்தாக வந்தாலோ, ஒன்றுமே வராவிட்டாலோ, அங்கே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. நூலகரிடம் சொல்லுங்கள், முடிந்தால் பிழை திருத்த நீங்களும் உட்காருங்கள். தனிப் பிரிவே இல்லாத நூலகம் என்றாலும் பரவாயில்லை. இருக்கிற கணினி ஒன்றில் என்விடிஏயை நிறுவி, தமிழ் 99 அமைப்பைச் சேர்த்து, ஒரு ஹெட்போன் வாங்கி வைத்தால் போதும். செலவு அந்த ஹெட்போனுக்கு மட்டும்தான்.