நெஹ்லூதவின் மனுக்கள்

அன்புள்ள ஐயா,

விடுமுறையில் தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’, டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’ இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தேன். ஒரு சந்தேகம். பாவத்தைப் பற்றிய பக்கங்களில் அவ்வளவு உயிர் இருக்கிறது. மீட்பு வந்ததும் ஏன் எல்லாமே பிரசங்கமாகிவிடுகிறது? அம்மாவோடு ஜெபக்கூட்டங்களுக்குப் போய் வளர்ந்தவள் நான். அங்கே சாட்சி சொல்ல எழுந்திருப்பவர்கள் பழைய குடியையும் சூதாட்டத்தையும் அரை மணி நேரம் ருசியாகச் சொல்வார்கள். அப்புறம் “ஆண்டவர் என்னைத் தொட்டார்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பெரிய எழுத்தாளர்களும் இதைத்தானே செய்கிறார்கள்? ‘புத்துயிர்ப்பி’ன் நாயகன் நெஹ்லூதவ் கடைசியில் பைபிளைத் திறந்துகொண்டு உட்காரும்போது எனக்குப் புத்தகத்தை மூடிவிடத் தோன்றியது. மனமாற்றத்தை இலக்கியத்தால் சொல்லவே முடியாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சொல்லும் குறையை ‘புத்துயிர்ப்பு’ வெளிவருவதற்கு முன்பே ஒருவர் சொல்லிவிட்டார். டால்ஸ்டாயின் மனைவி சோஃபியா. 1898 செப்டம்பரில் தன் டைரியில் பொரிந்து தள்ளுகிறார்: எழுபது வயதுக் கிழவர், ராணுவ அதிகாரியும் பணிப்பெண்ணும் சேரும் காட்சியை, நல்ல சாப்பாட்டை ரசித்துச் சாப்பிடுகிறவரைப் போல எழுதியிருக்கிறார் என்று. அதில் வருவது கணவரின் சொந்த இளவயதுக் கதை என்பதும் அவருக்குத் தெரியும். உங்கள் ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்பவரின் மனைவி பின்வரிசையில் உட்கார்ந்து என்ன நினைத்துக்கொண்டிருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். சோஃபியாவின் டைரி அதுதான்.

முடிவைப் பற்றியும் உங்களுக்குத் துணை உண்டு. நாவல் வந்த மறு ஆண்டே, 1900 ஜனவரியில், செகாவ் ஒரு கடிதத்தில் எழுதினார்: இந்த நாவலுக்கு முடிவே இல்லை, எழுதி எழுதி வந்துவிட்டு எல்லாவற்றையும் ஒரு வேத வசனத்தின் தலையில் கட்டுவது மிகவும் இறையியல்தனமானது. சரிதான். கடைசி அத்தியாயத்தில் மத்தேயு சுவிசேஷத்தைப் படிக்கும் நெஹ்லூதவ் எனக்கும் அலுப்பூட்டுகிறான். அங்கே படிப்பவர் டால்ஸ்டாய்தான், நெஹ்லூதவ் அல்ல.

ஆனால் அதே கடிதத்தில் செகாவ் இன்னொன்றும் சொல்கிறார். நாவலில் சுவாரசியம் குறைந்த பகுதி நெஹ்லூதவுக்கும் அவன் கெடுத்த பணிப்பெண் காத்யூஷாவுக்கும் இடையிலான உறவுதான் என்று. இதில் எனக்கு அவரோடு உடன்பாடு கிடையாது. மீட்பு அங்கேதான் நடக்கிறது. நீங்களும் அதைக் கடைசி அத்தியாயத்தில் தேடியதால்தான் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன்.

முதலில் அவனை எடுத்துக்கொள்வோம். தான் கெடுத்து, கையில் நூறு ரூபிளைத் திணித்துவிட்டுப் போன பெண் கொலைக்குற்றவாளியாகக் கூண்டில் நிற்கிறாள், தான் ஜூரியில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்த அன்று இரவு நெஹ்லூதவ் அழுகிறான், ஜெபிக்கிறான். இந்த இடத்தில் வேறு எந்த எழுத்தாளரும் மணி அடித்திருப்பார். டால்ஸ்டாய் குறுக்கே வந்து, அந்தக் கண்ணீரில் நல்லதும் இருந்தது, கெட்டதும் இருந்தது என்கிறார். உள்ளே ஏதோ விழித்துக்கொண்டதால் வந்தது நல்ல கண்ணீர். ‘நான் எவ்வளவு நல்லவன்’ என்று தன்மேலேயே உருகியதால் வந்தது கெட்ட கண்ணீர். பாவத்தை ரசித்துச் சொல்லும் ஆபத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மனந்திரும்புவதையும் ஒருவன் ரசிக்கலாம். டால்ஸ்டாய்க்கு அது தெரிந்திருந்தது.

அதனால்தான் மறுநாளிலிருந்து அவனை அலையவிடுகிறார். வக்கீல் வீடு, சிறை அலுவலகம், பார்வையாளர் வரிசை, கவர்னர் மாளிகை, பீட்டர்ஸ்பர்க், அங்கே மேல்முறையீட்டை விசாரிக்கும் செனட். மனுவுக்கு மேல் மனு. ஒருத்திக்காகப் போனவனிடம் மற்ற கைதிகளும் தங்கள் வழக்கைச் சொல்கிறார்கள். பாஸ்போர்ட் காலாவதியானதற்காக உள்ளே கிடக்கும் கூலிக்காரர்கள், செய்யாத தீவைப்புக்குச் சிறைப்பட்ட தாயும் மகனும். ‘கொல்லும் நோக்கமின்றி’ என்று எழுத ஜூரிகள் மறந்துபோனதால்தான் காத்யூஷாவுக்கு நான்கு ஆண்டு கடுங்காவல். அந்த மறதியைத் திருத்தக்கூட அவனால் முடியவில்லை. செனட்டில் அவள் மேல்முறையீடு தள்ளுபடியாவதற்கு ஒரு காரணம், கைதியை மணக்கத் துடிக்கும் ஒரு பிரபுவின் ஒழுக்க ஆர்வம் செனட்டர் ஒருவருக்கு அருவருப்பாக இருந்தது! நிலத்தைக் குடியானவர்களுக்கே கொடுக்கப் போனால், இதில் என்ன சூழ்ச்சியோ என்று அவர்கள் சந்தேகப்படுகிறார்கள். இந்த மனு அத்தியாயங்களைப் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். அவன் மாறுவது அங்கேதான். தன்னைப் பற்றி நினைக்க அவனுக்கு நேரம் இல்லாமல் போகிறது.

இனி அவள். சிறையில் முதல் சந்திப்பில் அவள் அவனிடம் கேட்பது பத்து ரூபிள், அவ்வளவுதான். அடுத்த முறை, வோட்கா குடித்திருக்கிற நிலையில், “உன்னை மணந்துகொள்கிறேன்” என்று அவன் சொன்னதும் வெடிக்கிறாள். இந்த உலகத்தில் என்னை வைத்துச் சுகம் கண்டாய், மறு உலகத்திலும் என்னை வைத்தே தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறாய் என்கிறாள். பாவியின் மீட்பைப் பற்றிய கதைகளில் பாதிக்கப்பட்டவள் எழுந்து இப்படிக் கேட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. பாவம் செய்தவன் திருந்துவதற்கு அவள் ஏன் ஒரு படிக்கட்டாக வேண்டும்?

இந்த நாவலின் கரு டால்ஸ்டாய்க்கு 1887இல் கிடைத்தது. கோனி என்ற சட்ட நிபுணர் சொன்ன நிஜச் சம்பவம் அது: ஜூரியாக உட்கார்ந்தவன், தான் கெடுத்த பெண்ணையே குற்றவாளிக் கூண்டில் கண்டு மணக்க முன்வருகிறான், அவளும் சம்மதிக்கிறாள், ஆனால் திருமணத்துக்கு முன்பே சிறையில் டைஃபஸ் கண்டு இறந்துபோகிறாள். டால்ஸ்டாயின் தொடக்க வரைவுகளில் இருவருக்கும் கல்யாணமே ஆகிவிடுகிறது. ஆனாலும் எழுத்து நகரவில்லை, பல ஆண்டுகள். 1895 நவம்பரில் ஒருநாள் உலாவப் போனபோது காரணம் பிடிபட்டதாக டைரியில் எழுதுகிறார்: தொடக்கமே பொய், அவளிடமிருந்து தொடங்க வேண்டும். இப்போது நாம் படிக்கும் நாவல் அப்படித்தான் தொடங்குகிறது. வசந்த காலக் காலையில் சிறையிலிருந்து அவளைக் கோர்ட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். அவன் அப்போது வீட்டில் மெத்தையில் படுத்துக்கொண்டு சிகரெட் பிடிக்கிறான்.

அவள் எழுவதற்குப் பிரசங்கம் எதுவும் இல்லை. குடியை விடுகிறாள். சிறை மருத்துவமனையில் வேலைக்குப் போகிறாள். அங்கே உதவியாளன் ஒருவன் அவளிடம் வம்பு செய்ய, பழி அவள்மேல் விழுகிறது. நெஹ்லூதவும் அதை நம்பிவிடுகிறான். அவளுக்குச் சொல்ல உண்மை இருக்கிறது, சொல்லவில்லை. சொன்னாலும் நம்பமாட்டான் என்று வாயை மூடிக்கொள்கிறாள். ‘ஆண்டவர் தொட்டார்’ என்ற வரிக்குப் பதிலாக டால்ஸ்டாய் வைத்திருப்பது இந்த மாதிரி விஷயங்களைத்தான். அப்புறம் சைபீரியா போகும் வழியில் சிமன்சன் என்ற அரசியல் கைதியைத் தேர்ந்தெடுக்கிறாள். தண்டனைக் குறைப்பு உத்தரவு கடைசியில் வந்து சேரும்போது அவளுக்கு நெஹ்லூதவின் தியாகம் தேவைப்படவில்லை.

தஸ்தயேவ்ஸ்கியின் வழி வேறு. ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில், சோனியா என்ற பெண் கொடுத்த புதிய ஏற்பாடு, கொலைக்காகச் சைபீரியச் சிறையில் இருக்கும் ரஸ்கோல்னிகவின் தலையணைக்கு அடியிலேயே கிடக்கிறது. மாற்றம் தொடங்கிய அன்று அதைக் கையில் எடுக்கிறான், ஆனால் திறப்பதில்லை. மனிதன் மெல்ல மெல்லப் புதிதாவது வேறு ஒரு கதை, இந்தக் கதை முடிந்தது என்று ஆசிரியர் விலகிக்கொள்கிறார். உங்கள் புகாருக்கு அவர் 1866இலேயே ஒப்புதல் கொடுத்துவிட்டார் என்றுகூடச் சொல்லலாம். நாவலின் முடிவில் வரும் அந்தப் பின்னுரை பிரசங்கமாக இருக்கிறது என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

‘புத்துயிர்ப்பி’ல் எனக்கு உறுத்துவது பைபிளைவிட சிமன்சன்தான். அவனிடம் எல்லாவற்றுக்கும் ஒரு கொள்கை இருக்கிறது, ரத்தமும் சதையும் குறைவு. அவனை அவள் ஏன் தேர்ந்தெடுத்தாள்? நெஹ்லூதவ் அவள் கண்களைப் பார்த்து, அவள் தன்னைக் காதலிப்பதால்தான், தன் வாழ்க்கை கெட்டுவிடக் கூடாது என்பதால்தான் விலகுகிறாள் என்று முடிவு செய்துகொள்கிறான். பெரும்பாலான வாசகர்களும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. அதை நமக்குச் சொல்வது நெஹ்லூதவின் மனம். மருத்துவமனை விஷயத்திலும் அவன் அவளைத் தவறாகத்தானே படித்தான்? மூன்றாம் பாகத்தில் அந்த விடைபெறும் காட்சியை அவன் ஊகங்களைத் தள்ளிவிட்டு, அவள் வாய்விட்டுச் சொல்வதை மட்டும் வைத்து ஒருமுறை படியுங்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள்.